இட்லிப் பானை இருக்க ஓவன் எதற்கு?

திருச்சியில் டிசம்பர் பிறந்தால் பேக்கரி வாசலில் பிளம் கேக்குக்குக் கூட்டம். வீட்டிலேயே ஏதாவது செய்தால் என்ன என்று கேட்டால், "ஓவன் இல்லையே!" என்பார்கள். சுத்தச் சாக்கு! கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கு ஓவனே வேண்டாம், அது ஆவியில் வேகிற பண்டம். ஸ்ரீரங்கத்திலிருந்து பொன்மலை வரை இட்லிப் பானை இல்லாத வீடு உண்டா?

இன்னொரு கூட்டம் 'வெள்ளைக்காரன் பண்டம்' என்று முகம் சுளிக்கும். 1927-ல் பிரிட்டிஷ் அரசு பரப்பிய 'எம்பயர் புட்டிங்' செய்முறையைப் பார்க்கட்டும். திராட்சை ஆஸ்திரேலியா, கிராம்பு சான்சிபார், பட்டை இலங்கை அல்லது இந்தியா! மணமெல்லாம் வெளியூர்ச் சரக்கு.

பொன்மலை ரயில்வே காலனியில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களில் பலர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று போய்விட்டார்கள். கைப்பக்குவமும் கூடவே போகிறது. மிச்சமிருப்பவர்களும் பாக்கெட் கேக்குக்கு மாறிவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட ஆள் இருக்காது.

அப்படி என்ன பெரிய வித்தை? உலர்திராட்சையை ரம்மிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊறவைத்து, ரொட்டித்தூள், வெண்ணெய் (இங்கிலாந்தில் மாட்டுக்கொழுப்பு), முட்டை, நாட்டுச்சர்க்கரை, பட்டை, ஜாதிக்காய் கலந்து, கிண்ணத்தில் போட்டு வாய்கட்டி 4 மணி நேரம் வேகவைக்க வேண்டும். பானையில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். பேக்கரி வரிசையில் நிற்கிற ஆளே போதும்.