சந்தைக் கத்தரிக்காயும் விசுவாசியின் அச்சமும்



வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. சந்தையில் விற்கும் பளபளப்பான கத்தரிக்காய், பல நாள் வைத்தாலும் குழையாத தக்காளி, விதையில்லாத் திராட்சை ஆகிய யாவும் மரபணு மாற்றப்பட்டவை என்றும், அவற்றை உண்பதாலேயே புற்றுநோயும் நீரிழிவும் பெருகின என்றும் கைப்பேசியில் வந்த செய்தியை ஒருவர் வாசிக்கிறார். மற்றவர்கள் "கடைசிக் காலம்" என்று தலையசைக்கிறார்கள். ஊரில் கொல்லைக் காயைப் பறித்துச் சமைத்துப் பழகிய நம் தாய்மார், யார் விளைவித்தது என்றே தெரியாத காயை மும்பையிலும் டெல்லியிலும் வாங்கும்போது மனம் கலங்குவது இயல்பே. அந்தக் கலக்கத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் காய்கறிக்குப் பயந்து, பிள்ளைகளுக்கு அதைக் குறைத்துவிட்டு, பிஸ்கட்டும் நூடுல்ஸும் கொடுக்கிற வீடுகள் நம் சபைகளில் உண்டு. அதனால்தான் இம்மாதம் இதை எழுத வேண்டியதாயிற்று.

மரபணு மாற்றம் என்பது, ஓர் உயிரினத்தின் மரபணுவை ஆய்வுக்கூடத்தில் எடுத்து வேறோர் உயிரினத்தில் புகுத்துவது. ஒரே பயிரின் இரண்டு ரகங்களை மகரந்தச் சேர்க்கையால் கலப்பது வேறு. அதுவே நாம் ஹைபிரிட் என்று சொல்லும் வீரிய ஒட்டு ரகம். கடைகளில் கிடைக்கும் தடித்த தோல் தக்காளி ஹைபிரிட் ரகம்தான். விதையில்லாத் திராட்சை இயற்கையில் தோன்றிய மாறுதலை மனிதன் கொடித்துண்டுகளால் பெருக்கியது. பிராய்லர் கோழியோ, விரைவில் வளரும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இணைத்து வந்தது. இவற்றுள் ஒன்றும் மரபணு மாற்றம் பெற்றதன்று. நாட்டுத் தக்காளியின் புளிப்பும் மணமும் ஹைபிரிடில் இல்லை என்று நீங்கள் சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். அது சுவையைப் பற்றிய வழக்கு.

நம் தேசத்தில் சட்டப்படி வணிக அளவில் பயிரிடப்படும் மரபணுப் பயிர் பருத்தி ஒன்றே. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஏற்ற பி.டி. பருத்திக்கு 2002ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. அதன்பின் வந்தது பி.டி. கத்தரி. கத்தரியைத் தாக்கும் தண்டு, காய்த்துளைப்பான் புழுவை ஒழிக்க ஒரு விதை நிறுவனத்தோடு சேர்ந்து கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதை உருவாக்கின. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அதற்கு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு எழுந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், கொல்கத்தா உள்ளிட்ட ஏழு நகரங்களில் மக்களின் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013இல் அதே கத்தரிக்கு அனுமதி அளித்தது. இங்கே 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத் மாவட்டத்தில் ஒரு வயலில் அது திருட்டுத்தனமாக வளர்க்கப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டது. எனவே எங்குமே இல்லை என்று நான் ஆணையிட்டுச் சொல்ல மாட்டேன். ஆயினும் நீங்கள் வாங்கும் கத்தரிக்காய் பி.டி. கத்தரியாக இருப்பதற்கு வாய்ப்பு மிகச் சொற்பம். கடுகின் காரியம் இன்னும் வழக்கில் இருக்கிறது: 2022இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கடுகுக்கு அக்குழு நிபந்தனையோடு இசைவு தந்தது; 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு அளித்தனர்.

அப்படியானால் மரபணுப் பயிர் நம் சமையலறைக்குள் வருவதே இல்லையா? வருகிறது, எண்ணெய் வழியாக! பருத்தியின் கொட்டையை ஆட்டினால் பருத்திக்கொட்டை எண்ணெய். அகமதாபாத்திலும் சூரத்திலும் வாழும் நம்மவர்கள் அதைக் கபாசியா எண்ணெய் என்று அறிவார்கள். பிரேசிலிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் இறக்குமதியாகும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் மரபணு மாற்றிய சோயாவிலிருந்து வருவதே. மிக்சர் பொட்டலத்தின் பின்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். இவ்வெண்ணெய்களில் ஒன்றின் பெயர் பெரும்பாலும் இருக்கும். புகுத்திய மரபணு செடியில் உண்டாக்குவது ஒரு புரதம்; சுத்திகரித்த எண்ணெயிலோ புரதம் ஏறக்குறைய இல்லை. பி.டி. புரதம் புழுவின் காரக் குடலில் பற்றிக்கொண்டு அதைக் கொல்லும். மனிதனின் வயிறோ அமிலத்தன்மை உடையது. அது பற்றிக்கொள்ளும் இடமும் மனிதக் குடலில் இல்லை. 2016இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் பல ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, விற்பனையிலுள்ள மரபணு உணவுகள் மற்ற உணவுகளைவிட அதிக ஆபத்தானவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது.

இதனால் எல்லாம் நலமே என்று நான் சொல்லவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. பருத்தியையே தாங்கப் பழகிவிட்டது. விவசாயி ஆண்டுதோறும் கடையில் விதை வாங்க வேண்டியவனானான். மரபணு மாற்றிய பொருளின் உறையில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியில் வந்தும், அக்குறிப்பைக் கடையில் காண்பது அரிது. நாம் உண்பது இன்னதென்று அறியும் உரிமை நமக்கு உண்டு. புதிய பயிரை அவசரமின்றி, விற்பவரைச் சாராதவர்கள் சோதிக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமே.

வேதத்தைக் கொண்டு இதைத் தீர்க்க முற்படுகிறவர்களும் உண்டு. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் வயலில் இருவகை விதை கலந்து விதைப்பதற்குத் தடை இருப்பதை ஒரு சகோதரர் எடுத்துக் காட்டுவார். அதே வசனம் இருவகை நூல் கலந்த வஸ்திரத்தையும் விலக்குகிறது. அவர் அணிந்திருப்பதோ பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த சட்டை! வேறொருவர், கடையில் விற்பதைக் கேள்வியின்றிப் புசிக்கலாம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைக் காட்டுவார். அது விக்கிரகத்துக்குப் படைத்த மாமிசத்தைக் குறித்த ஆலோசனை. இவ்விரு பகுதிகளையும் மரபணுவின்மேல் ஏற்றுவது பொருந்தாது. நம் சரீரம் பரிசுத்த ஆவியானவரின் ஆலயம் என்ற சத்தியமோ நம் தட்டை நேராகவே தொடுகிறது.

அந்தத் தட்டைப் பாருங்கள். காலையில் இட்லி, நண்பகலில் தீட்டிய வெள்ளைச் சாதம், இரவிலும் அதுவே. ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். நாளொன்றுக்கு நான்கைந்து முறை சர்க்கரை போட்ட தேநீர். மாலையில் வடாபாவ், அல்லது காலையிலிருந்து ஒரே எண்ணெயில் பொரித்த பஜ்ஜி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வின்படி நம் தேசத்தில் நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 10 கோடி. அதன் விளிம்பில் நிற்போர் 13 கோடிக்கும் மேல். கத்தரிக்காய் இவர்களை நோயாளிகளாக்கவில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் தந்த வழிகாட்டுதல், ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், தானியம் 250 கிராம் அளவில் போதும் என்கிறது. நம் வீடுகளில் இக்கணக்கு ஏறக்குறைய தலைகீழாகவே இருக்கிறது.

இதைத் திருத்த இயற்கை அங்காடியின் விலையுயர்ந்த காய் வேண்டியதில்லை. தினக்கூலியில் குடும்பம் நடத்தும் சகோதரி அதை வாங்க இயலாததற்காகக் குற்றமனம் கொள்ள வேண்டாம். தெருவண்டியில் வாங்கிய காயை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கத்தரிக்குப் பூச்சிமருந்து பலமுறை அடிக்கிறார்கள், உண்மையான கவலை அங்கேதான். ஊரில் உண்ட கேழ்வரகு கிடைக்கவில்லை என்கிறீர்கள். மும்பையில் நாச்ணி என்று கேளுங்கள். பெங்களூரில் ராகி என்றாலே தருவார்கள். கம்பு என்பது பாஜ்ரா, சோளம் என்பது ஜோவார், முருங்கை என்பது மராத்தியில் ஷேவ்கா. மேத்தி எனப்படுவது நம் வெந்தயக்கீரையே. இரவுச் சாதத்திற்குப் பதிலாக வாரத்தில் நான்கு நாள் ஜோவார் ரொட்டியும் பருப்பும் கீரையும் வைத்தால் செலவு கூடப்போவதில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்போர் இவ்வாறு ஆகாரத்தை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடக்கும் அன்பின் விருந்துக்குச் சமைக்கும் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். பிரியாணியை நிறுத்தச் சொன்னால் வாலிபர் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஆகையால் அரிசியின் அளவைச் சற்றுக் குறைத்து, பெரிய பாத்திரம் நிறைய வெள்ளரி, கேரட், வெங்காயம் சேர்த்த தயிர்ப்பச்சடியும், ஒரு கீரைக்கூட்டும் வைத்துப் பாருங்கள். எது மிஞ்சியது, எது முதலில் தீர்ந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.