நிலவு முட்டையானால் கனக்குமா?



பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சியில் 1963 ஆம் ஆண்டு தொடங்கிய விஞ்ஞானக் கற்பனைத் தொடர் 'டாக்டர் ஹூ'. சிறுவர்களுக்கு அறிவியலும் வரலாறும் புகட்ட வேண்டும் என்பதும் அதைத் தொடங்கியவர்களின் எண்ணமாக இருந்தது. 2014 அக்டோபரில் அதில் 'கில் த மூன்' என்ற கதை ஒளிபரப்பாயிற்று.

கதை 2049-இல் நடக்கிறது. நிலவின் எடை திடீரென்று கூடிவிடுகிறது. அங்கே இறங்குபவர்கள் பூமியில் நடப்பது போலவே நடக்கிறார்கள். பூமியிலோ கடல் பொங்கிப் பேரழிவு. காரணம், நிலவு ஒரு முட்டையாம். உள்ளே குஞ்சு வளர்கிறதாம்! அணுகுண்டுகளுடன் சென்றவர்கள் அதைக் கொல்வதா, விடுவதா என்று தவிக்கிறார்கள். பூமியின் மக்கள் விளக்குகளை அணைத்து, கொல்லும்படி தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

நிலவு முட்டை என்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. கற்பனைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் முட்டை ஏன் கனக்க வேண்டும்?

அடையில் வைத்த கோழி முட்டையை முதல் நாளும் 18 ஆம் நாளும் நிறுத்துப் பாருங்கள். (கோழி கொத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!) எடை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியே நீராவி வெளியேறுவதே இதற்குக் காரணம். உள்ளே இருந்த கருதான் எலும்பாகவும் இறகாகவும் உருமாறுகிறது. காற்றைத் தவிர வெளியிலிருந்து எதுவும் உள்ளே போவதில்லை.

நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. பருமன் மாறாமல் அது பூமிக்கு ஈடாக வேண்டுமானால், நிறை ஆறு மடங்காக வேண்டும். அதாவது, இன்னும் ஐந்து நிலவுகள் எங்கிருந்தோ வந்து சேர வேண்டும். சூரிய ஒளியை உண்டு வளர்ந்தது என்பீர்களோ? நிலவின்மீது விழும் ஒளி முழுவதையும் ஐன்ஸ்டீன் சமன்பாட்டின்படி நிறையாக மாற்றினாலும், வினாடிக்குச் சுமார் 140 கிராம்தான் தேறும். ஐந்து நிலவு சேர, பிரபஞ்சத்தின் வயதைப்போல் ஏறத்தாழ 60 லட்சம் மடங்கு காலம் ஆகும்!

"கதைதானே, விட்டுவிடுங்கள்" என்று சிலர் சொல்லலாம். என்னால் முடியவில்லை. கடல் பொங்கியதற்காக ஓர் உயிருக்கு மரண தண்டனை விதிக்கிறார்கள். முட்டை கனக்காது என்றால் கடல் பொங்கியிருக்காது. குஞ்சின்மீது குற்றமும் இல்லை. ஒரு தராசும் ஒரு கோழி முட்டையும் இருந்திருந்தால் அந்த வழக்கு அன்றே தள்ளுபடியாகியிருக்கும்.

இறுதியில் குஞ்சு தப்பிப் பிழைக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால், பிறந்த சூட்டோடு அது பழைய நிலவின் அளவிலேயே ஒரு முட்டையை இட்டுவிட்டுப் பறந்துபோகிறதே, அதற்கு என்ன கணக்குச் சொல்வது?