பயமுறுத்துவது சேறு அல்ல, கரை

போன வாரம் வகுப்பு இடைவேளையில் நண்பன் ஒருவன் செல்பேசியில் ஒரு வீடியோ காட்டினான். கோவாவில் நடந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி. கதவு வரைக்கும் சேறு, நாலு சக்கரமும் சுற்றுகிறது, ஜீப் மட்டும் நகரவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டுகிறார்கள். "இதுதான்டா டிரைவிங்! நம்ம ஊர்ல என்ன இருக்கு, வெறும் ரோடு" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் அவன் கட்சியையே எடுத்துக்கொள்வோம். பாதையில்லாத இடத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்? நான் படித்ததையும் கேட்டதையும் வைத்துப் பார்த்தால் நாலைச் சொல்லலாம்.

1. களிமண் சேறு. டயரின் பள்ளங்களில் களி அடைத்துக்கொண்டால் புது டயரும் மொட்டை டயரும் ஒன்றுதான். பிரேக் போட்டாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும்.

2. கலங்கல் தண்ணீர். ஆழம் முழங்காலா, தலைக்கு மேலா என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது.

3. பக்கச் சரிவு. ஏற்ற இறக்கத்தைவிட இதற்குத்தான் பயம் அதிகம். ஒரு பக்கச் சக்கரம் கொஞ்சம் இறங்கினாலும் வண்டி உருளும்.

4. உடையும் விளிம்பு. பார்க்கத் தரை மாதிரி இருக்கும், சக்கரம் ஏறியதும் காலடியில் சரியும்.

நாலுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. கீழே என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் அதற்கான ஏற்பாட்டோடுதான் போகிறார்கள். தண்ணீரைக் கடக்கும் முன் ஒருவர் இறங்கிக் கம்பு ஊன்றி நடந்து பார்ப்பார். விளிம்பில் ஒருவர் நின்று கை காட்டுவார். இழுத்தெடுக்க வின்ச் இருக்கும், கயிறு இருக்கும், பின்னால் இன்னொரு வண்டி வரும். பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போய்விடலாம்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் புதாறு என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1934ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய். தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று வந்து பேராவூரணிக்கு அப்பாலும் போகிறது. அதிலிருந்து கல்யாண ஓடை, ராஜாமடம் வாய்க்கால் என்று கிளைகள், கிளைக்குள் கிளைகள். டெல்டாவில் வாய்க்கால் இருந்தால் கரை இருக்கும், கரை இருந்தால் அதுதான் ரோடு. மாட்டு வண்டிக்குப் போட்ட கரையில் இன்று மினி பஸ், டிப்பர், கதிரறுக்கும் மெஷின், பள்ளிக்கூட வேன் எல்லாம் ஓடுகின்றன.

ஒரு சின்னக் கணக்கு. கிராமச் சாலைக்கு வழக்கமாகப் போடும் தாரின் அகலம் 3.75 மீட்டர். ஒரு பேருந்தின் அகலம் ஏறத்தாழ 2.5 மீட்டர். எதிரெதிரே இரண்டு வந்தால் 5 மீட்டர் வேண்டும். மிச்சம் 1.25 மீட்டருக்கு எங்கே போவது? இருவரும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியே ஆகவேண்டும். அதாவது சைடு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நம் டிரைவர் அண்ணன் மேலே சொன்ன நாலாவது அயிட்டத்தைச் செய்கிறார். வண்டியில் அறுபது பேர் இருக்கிறார்கள். வின்ச் கிடையாது, கை காட்ட ஆள் கிடையாது, யாரும் கைதட்டவும் மாட்டார்கள்.

இது எந்த மாதத்தில் நடக்கிறது என்பதையும் பாருங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக, கரை மண் ஊறிப் போய்ப் பலமில்லாமல் இருக்கும் அதே மாதங்களில்தான் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. நண்டு வளையும் எலி வளையும் உள்ளே குடைந்திருப்பது தனிக் கதை. கோடையில் வண்டி இறங்கினால் காய்ந்த மணலில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் இறங்கினால் நேரே தண்ணீர்.

இதில் தார் போடுகிறவர்களின் பங்கும் உண்டு. பழைய தார் மேல் புதுத் தார் போட்டுக்கொண்டே போகிறார்கள். ரோடு உயர்கிறது, பக்கத்து மண் அப்படியே கிடக்கிறது. ஒரு சாண் பள்ளம் விழுந்துவிடுகிறது. அதில் சக்கரம் இறங்கியவர் பதறிப் போய் ஸ்டீயரிங்கை உள்பக்கம் ஒடிக்கிறார். டயர் தாரின் விளிம்பில் உரசிக்கொண்டே வந்து, திடீரென்று ஏறிவிடுகிறது. ஒடித்த ஒடிப்பில் வண்டி எதிர்ப்பக்கம் பாய்கிறது. அங்கே வாய்க்கால் இருந்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடவே வேண்டாம். 2018 நவம்பர் 24 அன்று கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்தில், காவிரித் தண்ணீர் ஓடும் விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் ஒரு தனியார் பேருந்து விழுந்தது. 30 பேர் இறந்தார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. 2021 பிப்ரவரி 16 அன்று மத்தியப் பிரதேசத்தில் சீதி மாவட்டத்தில், போக்குவரத்து நெரிசலைத் தவிர்க்கக் குறுகலான வழியில் திருப்பிய பேருந்து பாண்சாகர் கால்வாயில் விழுந்து 50 பேருக்கு மேல் போனார்கள். தேர்வு எழுதப் போன நம் வயதுப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். நம் மாவட்டத்திலேயே 2021 ஜனவரி 12 அன்று திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வரகூரில் ஓரம் ஒதுங்கிய பேருந்து சாய்ந்து மின்கம்பியில் பட்டது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு பயணிகள் உயிரிழந்தார்கள். அங்கே வாய்க்கால் இல்லை, கம்பி இருந்தது. ஆனால் தொடக்கம் ஒன்றுதான்: ஓரத்தில் இறங்கிய சக்கரம்.

"டிரைவர் பார்த்துப் போனால் போதும்" என்று ஒரு கட்சி எப்போதும் கிளம்பும். வேகமாகப் போகிறவர்கள் உண்டு, போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சரிகிற மண்ணைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியும் என்றால் ஜீப்காரர்கள் எதற்கு இறங்கிக் கம்பு ஊன்றுகிறார்கள்?

"பணம் இல்லை" என்பது அடுத்த கட்சி. கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்கும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தண்ணீர் கசியாமல் கடைமடை வரை போகவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, நாமே கடைமடைக்காரர்கள்தான். ஆனால் மண் கரையில் விழுந்தவன் புல்லையோ வேரையோ பிடித்து ஏறிவிடுவான். பாசி படிந்த கான்கிரீட் சரிவில் எதைப் பிடிப்பான்? கான்கிரீட் போடுகிற இடத்தில் வளைவுக்கு ஒரு தடுப்புச் சுவரும், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு படிக்கட்டும் சேர்ந்தே வரவேண்டும். கரை ஒரு துறை, தார் இன்னொரு துறை என்பது அவர்கள் கவலை. பஸ்ஸில் போகிறவனுக்குக் கரையும் தாரும் ஒன்றுதான்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வளைவிலும் மதகுப் பக்கத்திலும் சுவர். இரவில் மின்னும் பட்டை ஒட்டிய கல் வரிசை. தார் போட்ட கையோடு ஓரத்தில் மண் நிரப்பி இறுக்குவது. கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடம் ஒதுங்கி நிற்க அகலம். இதில் எதற்கும் வெளிநாட்டுத் தொழில்நுட்பம் தேவையில்லை.

நண்பனுக்கு ஒரு வார்த்தை. ஜீப் ஓட்டு, சேற்றில் புரளு, எனக்கு ஆட்சேபணை இல்லை. காசு கொடுத்து, ஹெல்மெட் மாட்டி, நீயாகத் தேடிப் போய்ப் படுகிற பயம் அது. காலை எட்டு மணிக்குக் கரை ரோட்டில் படியில் தொங்கிக்கொண்டு வருகிறவன் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. எதிரே டிப்பர் வரும்போது ஒரு நிமிஷம் பஸ்ஸே அமைதியாகிவிடுமே, கவனித்திருக்கிறாயா? "வெறும் ரோடு" என்றால் எல்லாரும் எதற்கு மூச்சைப் பிடிக்கிறார்கள்?

படிக்கிற நண்பர்களே, உங்கள் ஊரிலும் சுவர் இல்லாத வளைவு ஒன்று இருக்கும். எந்த ஊர், எந்த வாய்க்கால், எந்த மதகுக்குப் பக்கம் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மனுவாக்கி ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். அடுத்த கார்த்திகைக்குள் இரண்டு வளைவுக்காவது சுவர் வந்தால் போதும்.