காலியிடத்தின் சுமை யார் தலையில்?

விரிவுரையாளர்களுக்கு மன அழுத்தம் என்றால் யோகா வகுப்பு, ஆலோசனை முகாம் என்று தீர்வு சொல்கிறார்கள். அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். மீதி நேரம் தயாரிப்புக்கும் ஆய்வுக்கும் மாணவர்களுக்கும் உரியது. துறையில் இடங்கள் காலியாக இருந்தால், சேர்க்கைப் பணி, விடைத்தாள், 'நாக்' கோப்புகள் எல்லாம் இருக்கிற சிலர் தலையில் விழுகின்றன.

அந்த இடைவெளியை அடைப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு மாதம் ரூ.50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் சொன்னது. தமிழக அரசுக் கல்லூரிகளில் நிர்ணயிக்கப்பட்டதோ ரூ.25,000, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாதவரிடம் உற்பத்தித் திறனைக் கேட்பது என்ன நியாயம்?

இதில் முதல் இழப்பு சேரியிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்கு. அவர் வீட்டில் சந்தேகம் கேட்க பட்டதாரி இல்லை; தனிப்பயிற்சிக்குப் பணமும் இல்லை. வகுப்பு முடிந்தபின் ஆசிரியர் தரும் பத்து நிமிடம்தான் அவருக்குத் துணை. பளு கூடும்போது அந்தப் பத்து நிமிடம்தான் முதலில் போகிறது. பிறகு அரியர், அரியர் சேர்ந்தால் படிப்பே நிற்கிறது.

இரண்டாவது இழப்பு இடஒதுக்கீட்டில். நிரந்தரப் பணியிடம் நிரப்பப்பட்டால்தான் பட்டியல் சாதியினரின் 18 சதவீதமும், பின்னடைவுப் பணியிடங்களும் கைக்கு வரும். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் நடக்கவிருந்த தேர்வு தள்ளிப்போனது. தேர்வு தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் முனைவர் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளின் வயதும் ஏறுகிறது.

மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கல்லூரியில் துறைவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியவை எத்தனை, அவற்றில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் ரூ.10, பதிலுக்குக் கெடு 30 நாள். கணக்கு கையில் இருந்தால்தான் கோரிக்கைக்கு வலு. ஆசிரியருக்கு நிரந்தர வேலை கேட்பது, நம் பிள்ளைகளின் படிப்புக்காகக் கேட்பதும்தான்.