ஸ்டிக்கர்ல மட்டும் ரேஸ் எதுக்குங்க?

மக்களே, ரெண்டு நாளா ஒரே வயித்தெரிச்சல். இங்க கொட்டிடறேன், பொறுத்துக்குங்க.

நத்தத்துல எங்க எதிர்வீட்டுப் பய, பத்தொம்போது வயசு. பழைய ஆர்எக்ஸ் 100 ஒண்ணை வாங்கி, பட்டறையில போர்ட்டைக் குடைஞ்சு, ஹெட்டை இழைச்சு, சைலன்சரை மாத்தி, மதுரை ரோட்டுல ராத்திரி பந்தயம் விட்டிருக்கான். பிரேக் மட்டும் அதே பழைய டிரம் பிரேக். இப்ப கால்ல கம்பியோட கட்டில்ல கெடக்கான். ஊரே திட்டுது. நானும் திட்டினேன். ஆனா அம்புட்டுத் திட்டும் அவனுக்கு மட்டும்தானா?

டிராக் ரேஸ்ங்கிறது நேர்கோட்டுல கால் மைல், அதாவது 402 மீட்டர். அமெரிக்காவுல இதுக்குன்னே கம்பெனியே வண்டி செஞ்சு வித்துச்சு. 1969ல பிரெட் கிப்னு ஒரு டீலர் கேட்டாருன்னு, செவர்லே தனி ஆர்டர்ல அலுமினிய இஞ்சின் வச்சு 69 கமேரோ கார் செஞ்சது. 2018ல டாட்ஜ் டீமன் வந்துச்சு. ரேஸ் பெட்ரோல் ஊத்தினா 840 குதிரைத்திறன். எடை குறையணும்னு டிரைவர் சீட்டோட சரி, மத்த சீட்டு வேணும்னா ஒரு டாலர் கொடுத்துக் கேட்டு வாங்கணும்! அம்புட்டு வேகத்துக்கும் பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் இஞ்சினியருங்க கணக்குப் போட்டு வச்சது. பட்டறை அண்ணன் குத்துமதிப்பா வச்சது இல்ல.

நம்ம கதை? 1983ல ராஜ்தூத் 350 வந்துச்சு. வெளிநாட்டுல 39 குதிரைத்திறனோட ஓடின வண்டி இங்க 30.5 ஆச்சு. அப்புறம் மைலேஜ் பத்தலைன்னு 27க்கு இறக்கினாய்ங்க. அதுக்கும் ஆளில்லாம கொஞ்ச வருசத்துல கடையக் கட்டியாச்சு.

இப்ப வண்டி பேருலயே ரேஸிங் இருக்கு. அப்பாச்சி ஆர்டிஆர்ல முதல் எழுத்து என்னன்னு நெனைக்கிறீங்க? ரேஸிங்தான். டிவிஎஸ்காரங்க 1982லேர்ந்து ரேஸ் அணி வச்சிருக்காங்க, அணிக்குன்னு தனியா வண்டியும் தயார் பண்றாங்க. ஷோரூம்ல நமக்குக் கெடைக்கிறது ரோட்டு வண்டியும் ஸ்டிக்கரும். வெளம்பரத்துல பறக்க விட்டுட்டு, கீழ பொடி எழுத்துல "முயற்சிக்க வேண்டாம்"னு போடுவாய்ங்க. ஆசையைக் கெளப்புறது நீங்க, அபராதம் கட்டுறது அவனா? ரோட்டுல பந்தயம் விட்டா முதல் தடவைக்கே 5000 ரூவா வரைக்கும், இல்லாட்டி மூணு மாசம் ஜெயில். சட்டம் சரிதான். ஆனா வேற எங்க போவான்?

"வேகத்தைக் கையில கொடுத்தா இன்னும் செத்துப் போவாய்ங்க"ன்னு ஒரு கோஷ்டி வரும். அய்யா, காளையைத் தெருவுல அவுத்து விட்டா அது ஜல்லிக்கட்டா? வாடிவாசல், தடுப்பு, டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் வச்சுத்தானே நடத்துறோம்? காளைக்கு வச்ச வாடிவாசலை வண்டிக்கு வைக்க மாட்டோமா?

நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. நம்பர் பிளேட் இல்லாம, டிராக்குல மட்டும் ஓட்டுற வண்டியைக் கம்பெனியே செஞ்சு திண்டுக்கல் ஷோரூம்லயும் விக்கணும். ஓட்டுறதுக்கு மாவட்டத்துக்கு ஒரு 402 மீட்டர் வேணும். அந்தக் காலத்துல சோழவரம், 1990லேர்ந்து இருங்காட்டுக்கோட்டை. எங்களுக்கு அது சுமார் 400 கிலோமீட்டர். மதுரை-நத்தம் ரோட்டுல 7.3 கிலோமீட்டருக்குப் பறக்கும் பாலம் கட்டி 2023ல தெறந்த நாட்டுல, 402 மீட்டர் போட எடமில்லையா?

நேத்து பாக்கப் போனேன். அந்தப் பய மெதுவாக் கேக்குறான், "அண்ணே, இருங்காட்டுக்கோட்டைக்கு எப்புடிண்ணே போகணும்?"

"மொதல்ல நடக்கப் பழகுடா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா அவன் கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க.

டிஸ்கி: ராத்திரி ரோட்டுல பந்தயம் விடுறவனுக்கு இது வக்காலத்து இல்ல. எதுத்தாப்புல வர்றவன் என்ன பாவம் பண்ணினான்?