கைகலப்புக்கும் பயிற்சி வேண்டும்

ட்ரோன் காலத்தில் சிப்பாய்க்கு மல்யுத்தம் எதற்கு என்று கேட்பவர்கள் கல்வானை மறந்துவிட்டார்கள்.

2020 ஜூன் 15 இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சுமார் 14,000 அடி உயரத்தில் இந்திய, சீன வீரர்கள் மோதியபோது, கல்லும் கட்டையும் ஆணி பதித்த இரும்புத் தடிகளும்தான் ஆயுதங்கள். எல்லைக்கோட்டின் இருபுறமும் 2 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்கிறது இந்தியாவும் சீனாவும் 1996-இல் செய்துகொண்ட ஒப்பந்தம். துப்பாக்கி வாய்திறக்காத அந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. அவர் பீரங்கிப் படைக்காரர் என்பது கவனிக்கத்தக்கது. கைச்சண்டை காலாட்படைக்கு மட்டும் உரியதல்ல.

2022 டிசம்பரில் அருணாசலப் பிரதேசத்தின் தவாங் அருகே யாங்சேயில் இரு தரப்புக்கும் மீண்டும் கைகலப்பு.

சமவெளி மைதானத்தில் கற்ற பிடி, கனத்த குளிராடையும் பூட்ஸுமாக மூச்சிரைக்கும் உயரத்தில் அப்படியே கைகொடுக்காது. சறுக்கி விழுந்தவன் எழுவதும், மேலே விழுந்தவனைப் புரட்டுவதும் அங்கே உயிர்ப் பிரச்சினை. அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் படைப்பிரிவு 1990-களிலேயே பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் தரைச்சண்டையைத் தன் பாடத்தில் சேர்த்தது. நம்மிடம் குஸ்தியும் களரியும் இருக்கின்றன. விழாமேடைச் சாகசமாக அல்ல, எல்லைக்குச் செல்லும் ஒவ்வொரு பிரிவுக்கும் முழுச் சுமையுடன் தரும் வழக்கமான பயிற்சியாக அவை மாற வேண்டும். அதற்கான நேரத்தை ஆண்டுப் பயிற்சி அட்டவணையிலேயே ராணுவம் ஒதுக்கட்டும்.