தகட்டின் மேல் பழி

ஏற்காட்டு ஏற்றத்தில் என் மோட்டார் சைக்கிள் இரைந்ததே தவிர ஏறவில்லை. எஞ்சின் துடித்தது, சக்கரம் சோம்பியது. அடிவாரத்து மெக்கானிக் வண்டியைத் தொடாமலே, "கிளச் பிளேட் போச்சு சார், மாத்திடணும்" என்று தீர்ப்பளித்தார். நாடி பாராமல் கத்தி எடுக்கும் வைத்தியம் இது!

கிளச் லீவரை அசைத்தேன். துளியும் தளர்வில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டராவது வேண்டாமா? பிளேட் தேயத் தேய அது குறைவது இயல்பு. குறைந்தால், கையை எடுத்த பின்னும் கேபிள் இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் பிளேட்டுகளை எப்படி இறுக்கும்? லாக் நட்டைத் தளர்த்தித் திருகை உள்ளே திருப்பினேன். கிளச் பிடித்தது.

பிளேட் தேயாது என்று நான் வாதாடவில்லை. தளர்வு வைத்தும் வழுக்கினால், உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றியிருக்கிறோமா என்று பாருங்கள். அதற்கும் தீராவிட்டால் தாராளமாகப் பிரிக்கலாம். காசில்லாத திருகை விட்டுப் பணப்பையில் கை வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை.